வியாழக்கிழமை வா

ஜூலை 3

அன்பு அண்ணிக்கு,

பாப்பா எழுதுகிறேன். முப்பத்தோரு வயதில் பாப்பா என்று போட்டுக்கொள்வது கொஞ்சம் அதிகம்தான். வேறு பெயர் போட்டால் ஏதோ துணிக்கடை விளம்பரம் என்று பிரிக்காமலே பொத்தான் டப்பாவுக்கு அடியில் செருகிவிடுவீர்கள், தெரியாதா எனக்கு.

போனில் சொல்லலாமே என்பீர்கள். வெள்ளிக்கிழமை பேசினேனே! அண்ணன் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து, "என்னவாம், என்னவாம்" என்று துளைத்ததில் நீங்கள் "வேளைக்குச் சாப்பிடு" என்று வைத்துவிட்டீர்கள். பஸ் ஓட்டும்போது இத்தனை கவனமாக இருந்தால் சரி. நான் நர்சிங் படித்தபோது துணி வெட்டும் பழுப்புத்தாளின் பின்பக்கத்தில் ஹாஸ்டலுக்கு எழுதுவீர்களே, அந்த வழக்கத்துக்கே திரும்பிவிடுவோம்.

இந்தப் புதுப் பள்ளியில் எனக்கு ஒரு சுகாதார அறை கொடுத்திருக்கிறார்கள். அறை என்பது மரியாதைக்கு. உடைந்த பூகோள உருண்டைகள் மூன்று, கால் போன கரும்பலகை ஒன்று, நடுவில் என் மேஜை. தலைவலி என்று வருகிற பிள்ளையை ஆப்பிரிக்காவுக்கும் அலமாரிக்கும் இடையில் படுக்க வைக்கிறேன்.

சிரிக்கத்தான் எழுதினேன். ஆனால் போன புதன்கிழமை நடந்ததை, அன்று ராத்திரி பெட்டி கட்டும் அவசரத்தில் உங்களிடம் முழுசாகச் சொல்லவில்லை. காலையில் தலைமையாசிரியை கூப்பிட்டு ஒரு கவரை நீட்டினார். மாறுதல் உத்தரவு. கூடவே பெற்றோர் மனுவின் நகல். பதினோரு பக்கம், இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. பிஞ்சு மனதில் நஞ்சு விதைக்கிறேனாம். அரை மணி நேரத்தில் சாவியை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஆறு வருஷ வேலைக்கு அரை மணி நேரம்.

நான் என்ன செய்தேன் அண்ணி? வியாழக்கிழமை கடைசி மணி அடித்த பிறகு ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு, பெண் பிள்ளைகள் கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொன்னேன். மாதவிடாய் ஏன் வருகிறது, வராமல் போனால் என்ன செய்வது, கர்ப்பம் எப்படி உண்டாகிறது, யாராவது தொடக்கூடாதபடி தொட்டால் யாரிடம் போய்ச் சொல்வது. சுவரில் நான் வரைந்த கர்ப்பப்பை படம் ஒன்று. அதைச் சுருட்டும்போது பியூன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நாலு பிள்ளைகளுக்கு அப்பா அவர்.

மனுவில் இருக்கிற பெயர்களை நான் படிக்கவில்லை. பின் அடித்தபடியே பெட்டிக்குள் கிடக்கிறது. அதில் இருக்கிற ஒவ்வொருவரின் பிள்ளைக்கும் முழங்காலில் மருந்து போட்டிருப்பேன். யார் யார் என்று தெரிந்தால் மனசு விட்டுப்போகும்.

ஒரு உதவி. உங்கள் கடைக்கு அடுத்த பேக்கரிக்காரர் மகள், பத்தாம் வகுப்பு, ஓட்டக்காரி என்று நாம் கூப்பிடுவோமே, அவள் செவ்வாய்க்கிழமை என்னைத் தேடி வந்தாள். அன்றைக்குத் தடுப்பூசி, வாசல் தாண்டி வரிசை. நிலைப்படியில் நின்று விரலைப் பின்னிக்கொண்டே, "சிஸ்டர், தனியா பேசணும்" என்றாள். "வியாழக்கிழமை வா" என்று அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை நான் பெட்டியும் கையுமாக பஸ்ஸில் இருந்தேன். அவளைப் பார்த்தால் என் விலாசத்தைக் கொடுங்கள். நாலு வரி எழுதச் சொல்லுங்கள். மறந்துவிடாதீர்கள் அண்ணி.

என் வெள்ளைக் கோட்டு இரண்டும் தோளில் பிடிக்கிறது. முடிந்தபோது தைத்து அனுப்புங்கள்.

வாலுவுக்கு அத்தையின் முத்தம். அவளுக்கு வேண்டாம் என்றால் அண்ணனுக்குக் கொடுங்கள்.

உங்கள் பாப்பா

*

ஜூலை 15

பாப்பாவுக்கு அண்ணியின் அன்பு.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் திறந்த சமயம், எனக்கு மூச்சு விட நேரமில்லை. பிள்ளைகள் ஒரு லீவில் எப்படித்தான் இப்படி வளர்கிறதுகளோ! உள்மடிப்பு இரண்டு இஞ்ச் விட்டுத்தான் தைக்கிறேன், அதுவும் பத்தாமல் போகிறது.

கோட்டு இரண்டு அனுப்பியிருக்கிறேன். அளவு கேட்டு எழுதவில்லை என்று கோபிக்காதே. உன் அளவு என் விரலில் இருக்கிறது. தோளில் மட்டும் அரை இஞ்ச் கூட்டினேன்.

உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். நேற்று ஏழாம் நம்பர் பஸ்ஸை எட்டாம் நம்பர் வழியில் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஆட்கள் கத்திய பிறகுதான் தெரிந்ததாம். தங்கச்சியை நினைத்துக்கொண்டே ஓட்டினேன் என்கிறார். எல்லாப் பழியும் உன் மேல்தான்.

மாறுதல் விஷயம் எனக்கும் அதிர்ச்சிதான். ஆனால் நீ ஒன்று யோசிக்க வேண்டும் பாப்பா. நீ நல்ல எண்ணத்தில்தான் செய்தாய், அதை யார் இல்லை என்றார்கள்? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எல்லாம் இப்போதே வேண்டுமா என்றுதான் கேட்கிறார்கள். வாலுவின் அறிவியல் நோட்டைப் புரட்டினால் நடுப்பக்கத்தில் அந்தப் படம். கலர் வேறு அடித்து வைத்திருக்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடி இது" என்றால், "இது எங்கிட்டயும் இருக்கு, உங்ககிட்டயும் இருக்கும்மா" என்கிறாள், வாசலில் ஆள் நிற்கும்போது! எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. பெற்றவர்களுக்குக் கோபம் வராதா, நீயே சொல்லு. உன்னை யாரும் வெறுக்கவில்லை. பயம், அவ்வளவுதான்.

ஓட்டக்காரி புதன்கிழமை வந்தாள். ஸ்கர்ட்டு இடுப்பு பிடிக்கிறதாம். ஒரு இஞ்ச் பிரித்துவிட்டேன். முட்டி வலி என்று ஓட்டத்துக்குப் போவதில்லையாம். வீட்டிலேயே பன்னும் வெண்ணெயும் இருந்தால் உடம்பு போடாமல் என்ன செய்யும் என்று அவள் அம்மாவிடம் கேலி செய்தேன், அவளும் சிரித்தாள். விலாசம் கொடுக்க நினைத்தேன். அதற்குள் ஒரு பட்டாளமே வந்துவிட்டது. அடுத்த தடவை கட்டாயம்.

உடம்பைப் பார்த்துக்கொள். உருண்டையில் இடித்துக்கொள்ளாதே.

அண்ணி

*

ஜூலை 29

அன்பு அண்ணி,

கோட்டு அப்படியே வார்த்த மாதிரி இருக்கிறது. இங்கே இருக்கிற டீச்சர்கள் எந்தக் கடை என்று கேட்டார்கள். என் அண்ணியின் விரல் என்று சொன்னேன்.

எட்டாம் வகுப்பில் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு மறந்துவிட்டது போல. நான் ஞாபகப்படுத்துகிறேன்.

அம்மா இல்லாத வீட்டுக்கு நீங்கள் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பன்னிரண்டு வயதில் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, கடைக்குப் பின்னால் துணிக்கட்டுகளுக்கு நடுவில் ஒளிந்துகொண்டேன். எனக்கு ஏதோ பெரிய வியாதி, சாகப்போகிறேன் என்று முடிவு கட்டிவிட்டேன். பென்சில் டப்பா அண்ணனுக்கு, ஊஞ்சல் பலகை அடுத்த வீட்டுப் பையனுக்கு என்று உயில்கூட எழுதினேன். நீங்கள்தான் தேடி வந்தீர்கள். சிரிக்கவில்லை. திட்டவில்லை. கடைக் கதவைச் சாத்தி, வெட்டுகிற மேஜைமேல் இருந்த துணியை ஒதுக்கிவிட்டு, நீலச் சாக்குக்கட்டியால் ஒரு படம் போட்டீர்கள். "இது பைமா. இது ரெண்டும் குழாய். மாசா மாசம் உள்ளே புது லைனிங் தைக்குது, வேண்டாம்னா பிரிச்சுப் போடுது. இதுல சாகறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டீர்கள். கர்ப்பப்பைக்கு லைனிங் என்று சொல்லிக் கொடுத்த ஒரே ஆசிரியை நீங்கள்தான். அதைவிடச் சரியாக எந்தப் புத்தகத்திலும் நான் பிறகு படிக்கவில்லை.

ஒரே ஒரு தப்பு. இடது பக்கக் குழாயைக் குட்டையாகப் போட்டீர்கள், மேஜையில் இடம் பத்தவில்லை. கோர்ஸில் படிக்கும்போதுதான் இரண்டும் ஒரே நீளம் என்று தெரிந்தது. ஆனாலும் என் கை இன்றைக்கும் அதைக் குட்டையாகத்தான் போடுகிறது. பள்ளிச் சுவரில் நான் மாட்டிய படமும் அப்படித்தான். பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளும் அப்படியே போட்டுவிட்டார்கள்.

நான் நர்ஸ் ஆனது அந்த மேஜையில்தான் அண்ணி. வியாழக்கிழமை வகுப்பில் நான் செய்ததெல்லாம் நீங்கள் செய்ததைத்தான். கடைக் கதவு எனக்கு ஒருத்திக்கு. பள்ளிக் கதவு எல்லாருக்கும். எல்லாப் பெண்ணுக்கும் ஒரு அண்ணி வாய்க்குமா?

வாலுவைத் திட்டாதீர்கள். அவள் சொன்னதில் என்ன பொய்?

ஓட்டக்காரியிடம் விலாசம் கொடுத்தீர்களா? ஓட்டத்தை விட்டுவிட்டாள் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் காய்ச்சலிலும் ஓடுகிறவள். உடனே எழுதுங்கள்.

உங்கள் பாப்பா

*

அக்டோபர் 2

பாப்பாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை என்று நீ மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாய். வேலை என்று சொன்னால் நம்பமாட்டாய். எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை, அதுதான் நிஜம். அந்தச் சாக்குக்கட்டி விஷயத்தைத் தயவுசெய்து வெளியே யாரிடமும் சொல்லிவிடாதே. அது வீட்டுக்குள் நடந்தது. வேறு.

ஒரு செய்தி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், வாலு மூலமாக உனக்குத் தெரியவந்தால் நன்றாக இருக்காது. உன் பழைய அறை பூட்டியே கிடந்தது. பிள்ளைகளுக்குப் பிரயோஜனமாக ஏதாவது நடக்கட்டும் என்று பெற்றோர் சங்கத்தில் முடிவு செய்து, தையல் வகுப்பு வைக்கச் சொன்னார்கள். என்னைக் கேட்டார்கள். ஆறு மெஷின் போட்டிருக்கிறது. கடைசி மணிக்குப் பிறகு ஒரு மணி நேரம். அந்த நேரம்தான் காலியாக இருந்ததாம், வியாழக்கிழமை. உனக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும். யாரோ ஒருத்தி வந்து உட்காருவதற்கு நான் உட்கார்ந்தால் உன் அறை நம் வீட்டிலேயே இருக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தானே?

வாலு பொத்தானுக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டாள். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் எடுக்கிறாள்.

உன் ஓட்டக்காரியும் வகுப்புக்கு வருகிறாள். ஒழுங்காக வருகிறாள், ஆனால் தைக்கிறதில் மனசு இல்லை. எல்லாரும் போன பிறகும் ஜன்னலோரம் நிற்பாள். போன வாரம்கூட நின்றாள். "என்னடி, வீட்டுக்குப் போகலையா? எனக்குப் பூட்டணும்" என்றேன். போய்விட்டாள். உன் விலாசம் எழுதிய சீட்டை எங்கே வைத்தேனோ தெரியவில்லை. அன்றைக்கு மூன்றாவது முறையாக ஸ்கர்ட்டைப் பிரிக்கக் கொண்டுவந்தாள். இனிப் பிரிக்க மடிப்பு இல்லை, இடுப்புப் பட்டியே புதிதாக வைத்துக் கொடுத்தேன். உன் சமையலைக் குறை என்று அவள் அம்மாவிடம் சொன்னேன்.

நீ இளைத்துவிடாதே.

அண்ணி

*

அக்டோபர் 7

அண்ணி,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். அந்த அறையில் நீங்களா? அதைப் பற்றிப் பிறகு பேசுவோம். இப்போது எனக்கு அது முக்கியமில்லை.

மூன்றாவது முறை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அளவு நோட்டை எடுங்கள். தேதி போட்டுத்தானே எழுதுவீர்கள்? ஜூனிலிருந்து அவள் இடுப்பளவு என்ன என்று பாருங்கள். முகமும் கையும் பருத்திருக்கிறதா, இடுப்பு மட்டுமா என்று யோசியுங்கள். பார்த்தவுடன் உங்களுக்கே புரியும்.

கடைக்கு இரண்டு தடவை போன் செய்தேன். "ஆள் இருக்காங்க, அப்புறம்" என்று வைத்துவிட்டீர்கள். பள்ளிக்கும் செய்தேன். நான் இப்போது அங்கே ஊழியர் இல்லையாம், மாணவிகளைப் பற்றிப் பேச முடியாதாம். பேக்கரியில் போனை எடுத்தது ஒரு ஆள். அந்தப் பெண்ணைக் கூப்பிடச் சொன்னதும் வைத்துவிட்டான்.

அவளிடம் தனியாகக் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். என்னிடம் கேட்ட மாதிரி. டாக்டரிடம் உடனே கூட்டிப் போங்கள். நானும் லீவு கேட்டிருக்கிறேன்.

அண்ணி, தள்ளிப்போடாதீர்கள்.

பாப்பா

*

அக்டோபர் 18

பாப்பாவுக்கு,

மருத்துவமனையிலிருந்து என்னால் போனில் அழத்தான் முடிந்தது. அண்ணன்தான் பேசினார். நடந்ததை முழுசாக உனக்கு நான் சொல்ல வேண்டும். எழுதுவதற்குக் கை வருகிற வரைக்கும் இத்தனை நாள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நின்றபடியே படித்து, நோட்டை எடுத்தேன். ஜூன் பத்தாம் தேதி இடுப்பு இருபத்தைந்து. ஜூலையில் இருபத்தாறு. ஆகஸ்டில் இருபத்தெட்டு. செப்டம்பர் கடைசியில் முப்பதரை. மார்பு, கை, தோள் எல்லாம் பழைய கணக்கே. என் பென்சில், என் கையெழுத்து. ஐந்தரை இஞ்ச் பாப்பா. அவள் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டது நான். அவள் முகத்தைப் பார்த்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. டேப்பில் இருக்கிற எண்ணைத்தான் பார்த்தேன்.

அப்போதே பக்கத்துக் கடைக்குப் போயிருக்கலாம். பத்தடி தூரம். அவள் அம்மா மாவு பிசைந்துகொண்டு நின்றாள். இதைப் போய் எப்படிக் கேட்பது, வாய் கூசியது. தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று பயம். வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் தனியாக நிறுத்திக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். நீ அவளிடம் சொன்ன அதே நாள். நீ தள்ளிப்போடாதே என்று எழுதியிருந்தாய், நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

வியாழக்கிழமை வகுப்பு ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மெஷினில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். முகம் வெள்ளைத்துணி மாதிரி. நாற்காலியெல்லாம் ரத்தம். உன் அறை பாப்பா அது. நீ படுக்கை போட்டிருந்த இடத்தில் மெஷின் நிற்கிறது. சுவரில் இருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே நூல்கண்டும் பாபினும். ஊசி நூல் வைக்க அதை நானேதான் காலி செய்திருந்தேன்.

வாலுதான் கத்தினாள். "அம்மா, கீழ படுக்க வைங்க, இடது பக்கமா திருப்புங்க, காலை உயர்த்துங்க, அத்தை சொல்லிக் குடுத்திருக்காங்க!" பதின்மூன்று வயதுப் பிள்ளை, ஆம்புலன்சுக்குப் போன் செய்து வழியும் சொன்னாள். எட்டாம் வகுப்பில் வேண்டுமா என்று உனக்கு எழுதினேனே. தைத்து அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவளுக்கு அடியில் வைத்தேன். பதினெட்டுச் சட்டை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, சிஸ்டர் வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். இன்றைக்கு வியாழக்கிழமைதானே என்றாள்.

குழந்தை பெண். என் இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிட்டது. இரண்டு நாள் இருந்தது. ஓட்டக்காரி பிழைத்துவிட்டாள், டாக்டர் இனி பயமில்லை என்கிறார். பேசுவதில்லை. பெண் போலீஸ் ஒருத்தி பொறுமையாக உட்கார்ந்து கேட்டதில்தான் விஷயம் வந்தது. பேக்கரியில் மாவு மூட்டை இறக்குகிற ஆள். சித்தப்பா முறை என்று வீட்டுக்குள் வந்து போனவன். வெளியே சொன்னால் கடையைக் கொளுத்திவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறான். போன் எடுத்தது அவனாகத்தான் இருக்கும். இப்போது உள்ளே இருக்கிறான். அவள் அம்மா என் கடைப் படியில் வந்து உட்கார்ந்து, "தினமும் பக்கத்துலதானே படுத்திருந்தா, எனக்கு எப்படித் தெரியாம போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நானும் அவளும் சேர்ந்து அவள் சமையலைச் சொல்லிச் சிரித்தோம் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. என்னால் அவள் பக்கத்தில் உட்காரக்கூட முடியவில்லை.

இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே. அந்த மனுவில் என் கையெழுத்து இருக்கிறது. கையெழுத்து மட்டும் என்றாலும் பரவாயில்லை. வாலுவின் நோட்டில் இருந்த படத்தைக் கடையில் வந்தவர்களிடம் காட்டியது நான்தான். பார்த்தீர்களா கொடுமையை என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன். பிறகுதான் மனு எழுதினார்கள். என் வெட்டுகிற மேஜைமேல் வைத்துத்தான் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். "நர்ஸோட அண்ணியே போட்டா நாங்களும் போடறோம்" என்று காத்திருந்தார்கள். பேக்கரிக்காரம்மா எனக்கு அடுத்ததாகப் போட்டாள். உன்னை மாற்றுவார்கள் என்று நான் நினைக்கவில்லை, படத்தை மட்டும் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இது சமாதானம் இல்லை, தெரியும். நாலு மாதமாக உன் கோட்டைத் தைத்து அனுப்பிக்கொண்டு இதை மறைத்தேன். நீ அந்தச் சாக்குக்கட்டியைப் பற்றி எழுதிய கடிதத்தை வாலு கண்ணில் படாமல் பொத்தான் டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

இன்னொரு அக்கிரமம் கேள். திங்கட்கிழமை சங்கத்து ஆட்கள் மறுபடி ஒரு தாளோடு வந்தார்கள். அந்த நர்ஸ் சொல்லிக் கொடுத்ததால்தான் பிள்ளை கெட்டது, இனி எந்தப் பள்ளியிலும் இந்த மாதிரி வகுப்பு கூடாது என்று எழுதியிருக்கிறது. எனக்கு நம்பவே முடியவில்லை. ரத்தம் தோய்ந்த சட்டைகளை நான் இன்னும் தூக்கிக்கூடப் போடவில்லை! முதல் கையெழுத்து நீங்கள் போடுங்கள் என்றார்கள். தாளை வாங்கி மேஜைமேல் விரித்து, கத்தரிக்கோலால் நேர்கோட்டில் இரண்டாக வெட்டித் திருப்பிக் கொடுத்தேன். அப்படியே தலைமையாசிரியையிடம் போய், முதல் மனுவிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மெஷின்களையும் வெளியே எடுத்தாகிவிட்டது. உன்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி மேலே எழுதியிருக்கிறார்களாம்.

ஓட்டக்காரி உன்னைத்தான் கேட்கிறாள். வேறு யாரிடமும் பேசமாட்டேன் என்கிறாள்.

என்னை மன்னித்துவிடு பாப்பா. உன்னால் முடியுமா என்று சொல்.

அண்ணி

*

அக்டோபர் 26

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் பெட்டியைத் திறந்து மனுவை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே ஆதாரம் என்று ஒரு படத்தின் நகல் ஒட்டியிருக்கிறது. வாலுவின் படம். இடது பக்கக் குழாய் குட்டை. உங்கள் மேஜையிலிருந்து என் சுவருக்கும், என் சுவரிலிருந்து அவள் நோட்டுக்கும் போய், கடைசியில் எனக்கு எதிராகவே வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை தலைவலி என்று வந்து கூப்பிட்டதுகூட எனக்குக் கேட்கவில்லை.

இரண்டாம் பக்கத்தில் முதல் வரி உங்கள் கையெழுத்து. அதற்குக் கீழே பேக்கரிக்காரம்மா. அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு விரல் அடையாளம், மாவுக் கையோடு வந்து போட்டிருக்கிறார் போல.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் யாரையும் நான் வெறுக்க விரும்பவில்லை, அதனால்தான் படிக்காமல் வைத்திருந்தேன். நீங்கள் இருப்பீர்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. என்னைத் துணிக்கட்டுக்கு நடுவிலிருந்து தூக்கிய கை அது.

உங்கள் மேல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நான் தப்பிக்கவும் முடியாது. அவள் நிலைப்படியில் நின்ற அன்று எனக்கு ஐந்து நிமிஷம் இருந்திருக்கும். ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். வியாழக்கிழமை வா என்று அவளிடம் முதலில் சொன்னது நான். அது எனக்கும் சாகும்வரை இருக்கும்.

லீவு செவ்வாய்க்கிழமையிலிருந்துதான் கிடைத்திருக்கிறது, அன்று காலை வருகிறேன். நேராக மருத்துவமனைக்குப் போய்விடுவேன். அவளுக்குப் பேச எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் பக்கத்தில் இருக்கப்போகிறேன். அண்ணனை பஸ் நிலையத்துக்கு அனுப்ப வேண்டாம். நம் வீட்டில் தங்கமாட்டேன், நர்ஸ் குவார்ட்டர்சில் ஒரு தோழி இருக்கிறாள். வாலுவை மட்டும் என்னிடம் அனுப்புங்கள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

மன்னிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இன்றைக்கும் வியாழக்கிழமை. இதையும் இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் இன்றே சொல்லிவிடுகிறேன். முடியவில்லை அண்ணி. இப்போது முடியவில்லை.

அறையைத் திரும்பத் திறந்தால் முதல் வியாழக்கிழமை வகுப்பு பிள்ளைகளுக்கு இல்லை, அவர்கள் அம்மாக்களுக்கு. நான் கேட்டால் வரமாட்டார்கள், உங்கள் கடைக்கு வருகிறவர்களாச்சே, நீங்கள் கூப்பிட்டால் வருவார்கள். அவர்கள் முன்னால் அந்தப் படத்தை நீங்கள்தான் போட வேண்டும். நீலச் சாக்குக்கட்டி கொண்டுவாருங்கள். லைனிங் என்றே சொல்லுங்கள். எனக்காக இல்லை.

பாப்பா

பின்குறிப்பு: கோட்டு இரண்டும் லூசாகிவிட்டது. விரலில் இருக்கிறது என்று பழைய அளவில் தைத்து வைக்காதீர்கள். நேரில் எடுங்கள். எடுக்கும்போது ஏன் இளைத்தாய் என்று என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.